நால்வர் சுமந்த கட்டில்



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்த முற்றம். உள்ளே வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை. அதன்மேல் சிலுவை, இரண்டு மெழுகுதிரி, கிண்ணத்தில் தண்ணீர். கட்டிலில் தலைவாரி, தோய்த்த உடுப்பு உடுத்தி, நோயாளி காத்திருப்பார். கட்டிலின் தலைமாட்டில் இன்னொருவர் நிற்பார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருப்பார். மகள், மருமகள், மனைவி, சில வேளைகளில் பேத்தி. குருவானவர் நோயாளியோடு பேசுவார், செபிப்பார், ஆசீர்வதிப்பார், புறப்படுவார். தலைமாட்டில் நின்றவரிடம், "அம்மா போன மாதத்திலும் பார்க்கத் தெளிவாயிருக்கிறா" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு வீட்டுக்கு நான்கு ஆண்டுகளாகப் போய் வந்தேன். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காமற் போன தாய். அவரைப் பார்த்து வந்தவர் திருமணமாகாத மகள்; ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு வெள்ளிக்கிழமை நான் நற்கருணைச் சிமிழைத் திறந்துகொண்டிருக்கையில், அந்த மகள் சுவரைப் பிடித்தபடியே கீழே சரிந்து விட்டார். அயலவர்கள் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி இருத்தினார்கள். விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னரே அவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் கூறியிருக்கிறார். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. அதில் முதல் மூன்று திகதிகளுக்குப் பின் ஒன்றுமே எழுதப்பட்டிருக்கவில்லை.

"அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போக ஏலாது, சுவாமி" என்றார்.

"உங்களுக்கு உதவிக்கு ஒருவரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன சுவாமி உதவி? நான் சும்மா வீட்டிலதானே இருக்கிறன்."

நான்கு ஆண்டுகளில் அவரைப் பற்றி நான் கேட்ட முதற் கேள்வி அது. கேட்பதற்கு அவர் மயங்கி விழ வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

"சும்மா" என்ற சொல்

அந்த மகளின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலை எழுந்து தாயின் ஈரத் துணியை மாற்றவேண்டும். உடம்பைத் துடைத்து, முதுகைப் பார்த்து, எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இரவென்றும் பகலென்றும் அதற்குப் பேதமில்லை. கஞ்சியைப் புரைக்கேறாதபடி கரண்டி கரண்டியாகப் பருக்கவேண்டும். குளிசைகளை நேரந்தவறாமல் கொடுக்கவேண்டும். துணி தோய்க்கவேண்டும்; சமைக்கவேண்டும்; வந்து போகும் உறவினர்களுக்குத் தேநீரும் கொடுக்கவேண்டும். இதே வேலையைச் செய்பவர் வைத்தியசாலையில் இருந்தால் அவரைத் தாதி என்கிறோம்; அவருக்குச் சம்பளம் உண்டு, ஓய்வு நாள் உண்டு, ஓய்வூதியம் உண்டு. வீட்டில் செய்பவரைச் "சும்மா இருக்கிறா" என்கிறோம். அவரும் தம்மைப் பற்றி அப்படியே நம்பி விடுகிறார்.

உலகம் இந்தச் சொல்லைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது. 2013 ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் சர்வதேச மாநாடு, ஊதியமின்றி வீட்டில் செய்யும் பராமரிப்பும் "வேலை" என்ற வரையறைக்குள் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. சர்வதேச தொழிலாளர் தாபனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, கணக்கெடுக்கப்பட்ட 64 நாடுகளில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலை நாளொன்றுக்கு 1,640 கோடி மணித்தியாலங்கள். இருநூறு கோடி மக்கள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் வீதம், சம்பளமின்றி முழுநேர வேலை செய்வதற்கு இது சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமாகச் செய்பவர்கள் பெண்கள்.

நமது நாட்டில் இது குறையப் போகும் காரியமன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 ஆக உயர்ந்துவிட்டது. அதே வேளை, பிள்ளைகளின் தொகை குறைந்து விட்டது. உள்ள பிள்ளைகளிலும் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள். முன்னொரு காலத்தில் ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட சுமை இன்று ஒருத்தியின் தோளில் இறங்கியிருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நாகூமில் நடந்த ஒரு சம்பவத்தை நாம் எல்லோரும் அறிவோம். முடக்குவாதமுற்ற ஒருவரை ஆண்டவரிடம் சுமந்து வருகிறார்கள், கூட்டத்தால் வழியில்லை, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். சுமந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நற்செய்தியாளர் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்: நான்கு பேர். கட்டிலுக்கு நான்கு மூலை உண்டு. ஒருவர் தனியே அதைத் தூக்க முயன்றால் நோயாளியும் விழுவார், தூக்குபவரும் விழுவார். நமது வீடுகளில் நடப்பது இதுவே. ஆகவே, மற்ற மூன்று மூலைகளையும் பிடிக்க வேண்டியவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசு பிடிக்கும் மூலை

நமது நாட்டுச் சட்டம் நோயாளியைப் பார்க்கிறது; முதியவரைப் பார்க்கிறது; மாற்றுத்திறனாளியைப் பார்க்கிறது. அவரைப் பராமரிப்பவரை இன்னும் நேராகப் பார்க்கவில்லை. "பராமரிப்பவர் கொடுப்பனவு" என்று வீட்டிலுள்ள மகளுக்கோ மனைவிக்கோ அவர் பெயரில் மாதாமாதம் வழங்கும் தேசியத் திட்டமொன்று நமக்கு இல்லை. ஆனால் அவரால் பராமரிக்கப்படுபவருக்குக் கிடைக்கக்கூடிய உதவிகள் சில உண்டு. அவற்றை அறியாமலும், அறிந்தும் வெட்கப்பட்டும், விட்டுவிடும் குடும்பங்கள் பல.

2023 ஜூலை தொடக்கம் "அஸ்வெசும" என்ற நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இது நடைபெறுகிறது. குடும்பங்களின் நிலையைக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிட்டு, உதவி பெறுபவர்களைத் தெரிவு செய்கிறார்கள். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா என உயர்த்தப்பட்டது.

இதைவிட, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 7,500 ரூபாவாக இருந்த அது 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாக்கப்பட்டது. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவும் அப்போதே 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. வரவு செலவுத் திட்டத்தோடு தொகைகள் மாறுவது வழக்கமாகையால், விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகையைக் கேட்டறியுங்கள்.

பணமல்லாத உதவிகளும் உள்ளன. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கேட்டற் கருவி முதலியவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் ஊடாகவும், மாகாண சமூக சேவைத் திணைக்களங்களின் ஊடாகவும் கேட்கலாம். 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் முதியோர் அடையாள அட்டை பெறலாம். வங்கி, வைத்தியசாலை, அரச காரியாலயங்களில் வரிசையில் நில்லாமல் முன்னுரிமை பெற அது உதவும். வரிசையில் இரண்டு மணித்தியாலம் மிச்சமாவது, வீட்டில் நோயாளியைத் தனியே விட்டு வந்தவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இவற்றைப் பெறும் வழி என்ன?

முதலாவது, கிராம அலுவலரிடம் போங்கள். படுக்கையிலிருப்பவரை வாகனம் பிடித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். பராமரிப்பவரோ அயலவர் ஒருவரோ முதலிற் போய் நிலைமையைக் கூறி, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டு வரலாம். இரண்டாவது, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும், முதியோர் விடயங்களைக் கவனிக்கும் உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். தேசிய அடையாள அட்டை, வைத்தியச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஓர் உறையில் போட்டு வீட்டில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். மூன்றாவது, அஸ்வெசும கணக்கெடுப்புக்கு உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது நோயை மறைக்காதீர்கள். "ஊராருக்குத் தெரியக் கூடாது" என்று மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பின்னறைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் நோயாளி எவரும் இல்லை என்று கூறிய குடும்பங்களும் உண்டு. கணக்கெடுக்கும் 22 அளவுகோல்களில் நோயும் இயலாமையும் இடம்பெறுகின்றன. மறைத்தவருக்கு அந்தப் புள்ளி கிடையாது. நான்காவது, பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் விதியென்று இருந்துவிடாதீர்கள். மேன்முறையீடு செய்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அறிவிக்கப்படும் கால எல்லைக்குள் அதைச் செய்யுங்கள்.

இது பிச்சையா?

நமது பகுதிகளில் ஏழைகளுக்கு அரசாங்கம் வழங்கிய மாதாந்த உதவிப்பணத்துக்கு மக்கள் வைத்த பெயர் "பிச்சைச் சம்பளம்". அந்தப் பெயர் எத்தனையோ கௌரவமான குடும்பங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. "எங்கட பரம்பரையில ஒருத்தரும் கையேந்தினதில்லை" என்று கூறும் அண்ணனுக்கு, அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பவள் தங்கை என்பது விளங்குவதில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 செப்டெம்பரில் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், குடும்பத்தைப் பேணுவதற்காகவே தம்மை முழுமையாகக் கொடுத்துவிடும் தாய்மாருக்கு, குடும்பக் கொடுப்பனவு போன்ற சமூக உதவிகள் கிடைக்க வேண்டுமென்று கற்பித்தார். அதை அவர் தருமம் என்ற தலைப்பில் வைக்கவில்லை. நீதியான ஊதியம் என்ற தலைப்பில் வைத்தார். அங்கு பேசப்படுவது தாய்மாரைப் பற்றியே. ஆயினும், பெற்ற பிள்ளையைப் பார்ப்பவருக்குப் பொருந்தும் நீதி, பெற்றவரைப் பார்ப்பவருக்கும் பொருந்தாதோ?

இன்னுமொன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தி ஏற்றது. அதன் 28 ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமன்றி அவர்களின் குடும்பத்தாருக்கும், பயிற்சி, ஆலோசனை, பண உதவி ஆகியவற்றோடு, பராமரிப்பவர் சற்று ஓய்வெடுக்கும்படி தற்காலிகப் பராமரிப்பும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. நமது அரசு கையொப்பமிட்ட வாக்கு இது. கொடுத்த வாக்கை நினைவூட்டுவது கையேந்துவதாகாது.

வாய்திறந்த ஒரு பெண்

உங்கள் உறவினர் பலர் லண்டனில் இருக்கிறார்கள். அங்கு நோயாளியான பெற்றோரைப் பார்ப்பவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதென்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தானாக வந்ததன்று.

மேரி வெப்ஸ்டர் என்ற பெண், புரட்டஸ்தாந்து சபையொன்றின் போதகராயிருந்தவர். வயோதிபப் பெற்றோரைப் பார்ப்பதற்காகத் தம் பணியை விட்டு வீட்டில் இருந்தார். 1963 இல், தம்மைப் போலத் திருமணம் செய்யாமல் பெற்றோரைப் பார்த்துக் கிடக்கும் பெண்களின் நிலையைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். "நானும் அப்படித்தான்" என்று எழுதிய பெண்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. 1965 இல் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. 1969 இல் மேரி வெப்ஸ்டர் காலமானார். 1971 இல் கடும் நோயாளருக்கான உதவிப்படியும், 1976 இல் பராமரிப்பவருக்கான கொடுப்பனவும் நடைமுறைக்கு வந்தன. தொடக்கி வைத்தவர் அதைக் காணவில்லை.

அப்போதும் ஓர் அநீதி மிஞ்சியது. திருமணமான பெண்களுக்கு அந்தக் கொடுப்பனவு இல்லையென்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில் "சும்மா" இருப்பவர்கள்தானே என்பது காரணம்! ஜாக்குலின் டிறேக் என்ற திருமணமான பெண், கடும் இயலாமையுற்ற தாயைப் பார்ப்பதற்காக 1984 இல் வேலையை விட்டவர். அவர் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 1986 ஜூனில் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. அதன் பின்னரே திருமணமான பெண்களும் அந்தக் கொடுப்பனவைப் பெற்றார்கள்.

அங்கும் எல்லாம் பாலும் தேனுமன்று. வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிப்பவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட கொடுப்பனவு வாரத்துக்கு 83.30 பவுண். கணக்குப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பவுணும் இல்லை. ஜேர்மனியில் 1995 இல் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதி முறை வேறொரு வழியைக் கண்டது. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவரின் பெயரில் ஓய்வூதிய நிதிக்குப் பங்களிப்புச் செலுத்தப்படுகிறது. இன்று பிறரைப் பார்ப்பவரை நாளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அது ஒரு விடை. நாமும் இதைப் பற்றி நமது பிரதிநிதிகளிடம் பேசத் தொடங்கலாம். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவரிடம், வீதியைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் ஒரு முறை கேளுங்கள்.

உடன்பிறந்தோர் பிடிக்கும் மூலை

அரசு தரும் உதவி ஒரு மூலைதான். அதைவிடக் கிட்ட இருப்பவர்கள் உடன்பிறந்தோர்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது; அவர்களைப் பராமரிப்பதும் தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை என்று விதிக்கிறது. கவனியுங்கள்: "பிள்ளைகள்" என்று சட்டம் கூறுகிறது, "கடைசி மகள்" என்று கூறவில்லை, "கலியாணம் கட்டாதவள்" என்றும் கூறவில்லை. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத் தரும்படி அச்சட்டத்தின் கீழமைந்த சபையிடம் விண்ணப்பிக்கவும் முடியும். ஆயினும், கிறிஸ்தவக் குடும்பத்தில் காரியம் சபை வரை போக வேண்டுமா? ஒரு மேசையைச் சுற்றியிருந்து, அல்லது தொலைபேசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்து, நான்கு காரியங்களை வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஒன்று, பணம். மருந்துக்கும் பால்மாவுக்கும் எவ்வளவு என்று கணக்கெழுதிப் பங்கிடுங்கள். "காசு அனுப்பினனான்தானே" என்பதோடு கடமை முடிவதில்லை. அனுப்பிய காசு நோயாளிக்கு. பார்ப்பவருக்கு என்ன?

இரண்டு, நேரம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர் கோயில் திருவிழாவையும் கலியாண வீடுகளையும் கணக்குப் பார்த்து வருவதுபோல, இரண்டு கிழமையாவது தாயின் கட்டிலருகே தாமே நின்று, தங்கையை எங்காவது போய் வரும்படி அனுப்பட்டும். அருகில் இருக்கும் ஆண்பிள்ளைகளும் தகப்பனின் உடம்பைத் துடைக்கப் பழகட்டும். அது ஆண்மைக்குக் குறைவன்று.

மூன்று, நாளை. தொழிலை விட்டு வந்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி அன்றோடு நின்று விடுகிறது. மாதம் தோறும் அவர் பெயரில் ஒரு சிறு தொகையை வங்கியில் இடுங்கள். சமூகப் பாதுகாப்புச் சபை, அரச ஓய்வூதியம் இல்லாதவர்கள் தவணைப் பணம் செலுத்திச் சேரக்கூடிய ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகிறது. அவருக்குப் பொருந்துமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மேலும், தேசிய தொழிற் தகைமை முறையில் பராமரிப்பாளர் தொழிலுக்கும் சான்றிதழ் உண்டு. அனுபவத்தால் தொழில் கற்றவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் அம்முறையில் உண்டு. பத்து வருடம் தாயைப் பார்த்தவளிடம் உள்ள அனுபவம் வீணாகப் போக வேண்டியதில்லை.

நான்கு, வீடு. இதைச் சொல்ல எவரும் விரும்பமாட்டார்கள். ஆகவே நான் சொல்லுகிறேன். தாய் கண்மூடி முப்பத்தோராம் நாள் கழிந்ததும் காணியைப் பங்கிடப் பேசும் வீடுகள் உண்டு. உறுதியில் பெயரில்லாத மகள், இருபது வருடம் கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் ஒரு நாளில் விருந்தாளி ஆகிவிடுகிறாள். பெற்றோர் சுயநினைவோடு இருக்கும்போதே, நொத்தாரிசு ஒருவரைக் கலந்து, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த வீட்டில் இருக்க உரிமையை எழுத்தில் வைத்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் அதற்கு மனமொத்துக் கையொப்பமிடுவது, தாயின் நினைவுத் திருப்பலிக்குக் காணிக்கை கொடுப்பதிலும் பார்க்கப் பெரிய காணிக்கை.

பங்கு பிடிக்கும் மூலை

மூன்றாவது மூலை அயலவரும் பங்கு மக்களுமாகிய நாம். வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கிறார்கள், நன்று. இனி அந்தச் சந்திப்பில் ஒரு சிறு மாற்றம் செய்வோம். கால் மணித்தியாலம் கதிரையில் இருந்து பேசிவிட்டு வருவதற்குப் பதிலாக, "இரண்டு மணித்தியாலம் நான் இதிலே இருக்கிறேன், நீங்கள் கிளினிக்குக்கோ கடைக்கோ, கோயிலுக்கோ போய் வாருங்கள், அல்லது அடுத்த அறையில் படுத்து நித்திரை கொள்ளுங்கள்" என்று சொல்லுவோம். செபமாலை சொல்லத் தெரிந்த எவராலும் இதைச் செய்ய முடியும். கட்டிலருகே இருந்தே செபமாலையைச் சொல்லலாம்.

படித்த இளைஞர்களுக்கும் வேலை உண்டு. விண்ணப்பப் படிவம் நிரப்ப, பத்திரங்களின் பிரதி எடுக்க, பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒருவர் கிடைத்தால், எத்தனையோ வீடுகளில் ஆண்டுக்கணக்காக நின்ற காரியம் ஒரு வாரத்தில் நடக்கும். ஒவ்வொரு பங்கிலும் இதற்கென இருவர் முன்வந்தாலே போதும்.

பராமரிப்பவருக்கு ஒரு வார்த்தை

நான்காவது மூலை உங்களுடையது, சகோதரி, சகோதரனே. அதை நீங்கள் நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அறிவுரை கூற எனக்குத் தகுதி குறைவு. ஆயினும் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். நீங்கள் விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

யாராவது "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். "செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து இருங்கள்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

சில இரவுகளில் சலிப்பும் கோபமும் வந்து, "எப்போது இது முடியும்" என்ற எண்ணமும் எழுந்து, பின்பு அதற்காக அழுதிருப்பீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லித் தம்மைக் கொடியவர் என்று எண்ணுவோர் உண்டு. களைப்பு பாவமன்று. அன்பில்லாதவர் இத்தனை நாள் நின்றிருக்கமாட்டார். ஆனால் கை ஓங்கும் அளவுக்கு, அல்லது சாப்பாட்டை மறுக்கும் அளவுக்குக் கோபம் வருமானால், அன்றைக்கே யாரையாவது கூப்பிடுங்கள். அது நீங்கள் தனியே சுமக்கும் எல்லையைக் கடந்துவிட்டீர்கள் என்பதன் அடையாளம்.

முதலிற் கூறிய அந்த வீட்டுக்கு நான் இப்போதும் போகிறேன். அயலில் உள்ள இரு பெண்கள் முறை வைத்துக் கிளினிக் நாட்களில் தாயோடு இருக்கிறார்கள். கொப்பியில் திகதிகள் நிரம்பத் தொடங்கியிருக்கின்றன. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பத்தைப் பாடசாலை முடித்த பையன் ஒருவன் நிரப்பிக் கொடுத்தான், முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள தமையன் இன்னும் மௌனமாகவே இருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கட்டிலை இன்னும் இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாம். சென்ற முதல் வெள்ளியன்று நான் தாயிடம் போகுமுன், மகளைப் பார்த்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்தார். "சும்மா" என்று அவர் சொல்லவில்லை. "கால்தான் நோகுது, சுவாமி" என்றார்.

குடும்பத்தில் கலந்து பேசுவதற்கு:

1. நமது வீட்டிலோ உறவிலோ நோயாளியை அல்லது முதியவரைப் பார்ப்பவர் யார்? அவர் கடைசியாக வீட்டைவிட்டு ஒரு முழு நாள் வெளியே போனது எப்போது?

2. அவர் பார்க்கும் நோயாளிக்கு உரிய கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாயிற்றா? இல்லையெனின், தடையாயிருப்பது அறியாமையா, பத்திரக் குறையா, வெட்கமா?

3. நாளை அவர் முதுமையடையும்போது இருக்க வீடும் கையில் பணமும் உண்டா? அதற்கு இந்த மாதம் நாம் செய்யக்கூடியது என்ன?

4. நமது வீதியில் எந்த வீட்டுக் கட்டிலை ஒருவர் தனியே சுமக்கிறார்? நாம் பிடிக்கக்கூடிய மூலை எது?